கடலூர்ல ஒரு ஐபிக்குப் பின்னாடி 128 குடித்தனம்: நாங்க பண்ண தப்பும் அதை சரிபண்ண கதையும்

2024 நவம்பர் 29, வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஃபெஞ்சல் புயல் மறுநாள் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடக்கப் போவுதுன்னு டிவியில ஓடிக்கிட்டு இருக்கு, மஞ்சக்குப்பத்துல வீடுகளுக்கு நெட் கனெக்ஷன் குடுக்கற எங்க ஆஃபீஸ்ல நாங்க மூணு பேரு, ஒருத்தர் ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போயிட்டாரு, ஒருத்தர் யுபிஎஸ் பேட்டரியைப் பாத்துக்கிட்டு இருக்காரு, போன் எடுக்கற வேலை என்கிட்ட. துபாய்ல இருந்து ஒருத்தர் கூப்பிட்டாரு. சத்தம் போடல, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

"சார், வீட்ல அப்பா அம்மா மட்டும்தான் இருக்காங்க, பெண்ணையாத்துக் கரை ஓரம் வீடு. வாசல்ல ஒரு கேமரா போட்டு வெச்சிருக்கேன். ஒரு மாசமா என் போன்ல அது வரவே மாட்டேங்குது. கேமரா போட்டவரைக் கேட்டா கேமரா நல்லா இருக்கு, நெட்டுக்காரங்களைக் கேளுங்கன்றாரு. உங்களைக் கேட்டா நெட் நல்லா இருக்கு, கேமராக்காரரைக் கேளுங்கன்றீங்க. நான் யாரைத்தான் கேக்கறது?"

அவர் லைன் நம்பரை சிஸ்டம்ல போட்டுப் பாத்தேன். பாக்கறதுக்கு முன்னாடியே எனக்குக் காரணம் தெரியும். அக்டோபர் ரெண்டாவது வாரம் ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு அவரையும் சேத்து பப்ளிக் ஐபியில, அதாவது வெளிய இருந்து நேரா வர முடியற தனி இன்டர்நெட் முகவரியில, இருந்த எங்க வீட்டு கஸ்டமர் அத்தனை பேரையும் எடுத்து சிஜிநாட்டுக்குப் பின்னாடி, அதாவது ஒரே ஐபியைப் பல வீட்டுக்குப் பங்கு போடற முறைக்கு, தள்ளுனது நான்தான். என் கையாலதான். யாருக்கும் ஒரு எஸ்எம்எஸ் கூட அனுப்பல.

அவர்கிட்ட லைன்லயே இருங்கன்னு சொல்லிட்டு அவருக்கு ஒரு பப்ளிக் ஐபி மாட்டி விட்டேன், வீட்ல ரவுட்டரை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னேன், கேமரா வந்துடுச்சு. மொத்தம் நாலு நிமிஷம். வாசல்ல மழைத்தண்ணி தேங்க ஆரம்பிச்சிருக்குன்னு பாத்ததும் அவர் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போன் பண்ணி அப்பா அம்மாவை அன்னைக்கு ராத்திரியே நெல்லிக்குப்பத்துல இருக்கற சித்தப்பா வீட்டுக்கு அனுப்பி வெச்சாரு. ரெண்டாம் தேதி சாத்தனூர் அணைத் தண்ணி தென்பெண்ணையில வந்தப்ப அந்தத் தெருவுல இடுப்பளவுக்கு மேல நின்னுச்சு.

நாலு நிமிஷ வேலைக்கு அந்த மனுஷன் ஒரு மாசம் அலைஞ்சிருக்காரு. அதுக்கப்புறம் நான் உக்காந்து முதல்ல இருந்து என்ன நடந்துச்சுன்னு எழுதி வெச்ச நோட்டுல இருந்துதான் இதை எழுதறேன். எங்க மாதிரி சின்ன ஐஎஸ்பி (நெட் கனெக்ஷன் குடுக்கற கம்பெனி) நடத்தறவங்க, கேபிள் டிவியில இருந்து நெட்டுக்கு வந்தவங்க தமிழ்நாட்டுல ஏராளம், இன்னும் பல பேரு இதே தப்பைப் பண்ணிக்கிட்டு இருப்பாங்கன்னு எனக்கு நல்லாவே தெரியும்.

எங்கிட்ட இருந்தது 512

ஐபிவி4, அதாவது பழைய வகை ஐபி முகவரி, 32 பிட், அதனால உலகம் மொத்தத்துக்கும் சேத்து 429 கோடி சொச்சம்தான். 1981ல அதை எழுதி வெச்சப்ப அது ரொம்பப் பெரிய நம்பர், இன்னைக்கு ஒரு வீட்ல நாலு போன், ஒரு டிவி, ஒரு லேப்டாப், ரெண்டு கேமரான்னு இருக்கறப்ப எந்த மூலைக்கு? 2011 பிப்ரவரி 3ஆம் தேதி, உலகத்துக்கே ஐபி பிரிச்சுக் குடுக்கற ஐயானா அமைப்பு கையில இருந்த கடைசி அஞ்சு பெரிய பிளாக்கையும் அஞ்சு கண்டத்துப் பதிவகங்களுக்கும் ஆளுக்கு ஒண்ணா பிரிச்சுக் குடுத்துட்டு கையை விரிச்சிருச்சு. நம்ம ஏசியா பசிஃபிக் பக்கத்துக்கான ஏப்நிக் அதே வருஷம் ஏப்ரல் 15ல கடைசி பிளாக்குக்கு வந்துடுச்சு, அதான் 103ல ஆரம்பிக்கற பிளாக், புதுசா வந்த இந்திய ஐஎஸ்பி பல பேரோட ஐபி 103ல ஆரம்பிக்கறதுக்குக் காரணம் அதுதான். அதுல இருந்து புது ஐஎஸ்பி யாரா இருந்தாலும் 1,024 முகவரிதான் உச்சவரம்பு, 2019 பிப்ரவரியில அதையும் 512ஆ குறைச்சாங்க.

நாங்க லைசென்ஸ் வாங்கி, இந்தியாவுல ஐபி ஒதுக்கற, நிக்ஸிக்குக் கீழ இருக்கற ஐஆர்ஐஎன்என்ல விண்ணப்பம் போட்டது 2019 கடைசியில. ஆறு மாசம் முன்னாடி இல்ல, ஒரு வருஷம் முன்னாடி போட்டிருந்தா ரெட்டிப்பு கிடைச்சிருக்கும். முதலாளி இதை இன்னமும் சொல்லி வருத்தப்படுவாரு.

512ஐ இப்படிப் பிரிச்சோம். எங்க ரவுட்டர், சர்வர், லிங்க் எல்லாத்துக்கும் 64. லீஸ்டு லைன் (தனக்குன்னே தனி லைன்) வாங்கற கம்பெனி, ஆஸ்பத்திரி, சிப்காட் பக்கம் இருக்கற சின்ன யூனிட் இவங்களுக்கு 192. மிச்சம் 256 வீடுகளுக்கு. ஆரம்பிச்சப்ப வீட்டு கஸ்டமர் முன்னூறு பேரு கூட இல்ல, எல்லாரும் ஒரே நேரத்துல டயல் பண்ணி நிக்க மாட்டாங்கன்றதால ஆளுக்கு ஒரு பப்ளிக் ஐபி தாராளமா குடுத்தோம். அப்புறம் 2020ல லாக்டவுன் வந்துச்சு. திருப்பாதிரிப்புலியூர், செம்மண்டலம், புதுப்பாளையம், ஓடி (ஓல்டு டவுன்), எங்க பாத்தாலும் பசங்களுக்கு ஆன்லைன் கிளாஸ், லைன்மேன் தம்பிங்க ராத்திரி பத்து மணிக்கு டார்ச் வெச்சுக்கிட்டு ஃபைபர் ஸ்ப்ளைஸ் பண்ணாங்க. 2021லயே வீட்டு ஐபி தீந்து போச்சு, புதுசா வர்றவங்களை மட்டும் சிஜிநாட்டுக்குப் பின்னாடி போட ஆரம்பிச்சோம், பழையவங்க பப்ளிக்லயே இருந்தாங்க. 2024ல வீடு நாலாயிரம்.

காசு குடுத்து வாங்கலாமேன்னு கேப்பீங்க. வாங்கலாம், ஐபிவி4க்கு இப்ப சந்தையே இருக்கு. 2011ல மைக்ரோசாஃப்ட், திவாலான நார்டெல் கம்பெனியோட 6,66,624 முகவரியை 75 லட்சம் டாலருக்கு வாங்குனப்ப ஒரு ஐபி 11 டாலர் சொச்சம், பத்து வருஷம் கழிச்சு அது 50 டாலரைத் தாண்டுச்சு, அப்புறம் கொஞ்சம் இறங்குச்சு. அமேசானே 2024 பிப்ரவரியில இருந்து தன் கிளவுட்ல ஒவ்வொரு பப்ளிக் ஐபிவி4க்கும் மணிக்கு அரை சென்ட் வாங்குது. 30 டாலர்னு வெச்சாலும் இன்னொரு 512க்கு பன்னெண்டு பதிமூணு லட்சம் ரூபாய், மாசம் ஐநூறு ரூபாய் பிளான் விக்கற எங்களுக்கு அந்தப் பணத்துல எத்தனை கிலோமீட்டர் ஃபைபர் இழுக்கலாம். வாடகைக்கு எடுக்கவும் ஒரு தடவை பாத்தோம், வந்த பிளாக் முன்னாடி வேற நாட்டுல ஓடிக்கிட்டு இருந்தது, டெஸ்ட் பண்ணப்ப பாதி ஆப்புல எங்களை வெளிநாட்டு ஆளா நெனச்சு படத்தையே காட்டல. விட்டுட்டோம்.

அக்டோபர் ராத்திரி

2024 செப்டம்பர்ல ஒரே நேரத்துல மூணு நாலு கம்பெனி லீஸ்டு லைன் கேட்டு வந்தாங்க, எல்லாருக்கும் எட்டு ஐபி, பதினாறு ஐபின்னு வேணுமாம். நல்ல வருமானம். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "வீட்டுக்காரங்களுக்கு எதுக்குப்பா இத்தனை ஐபி, யூட்யூப் பாக்கறதுக்கு எந்த ஐபியா இருந்தா என்ன"ன்னாரு. அவர் சொன்னதுல பாதி உண்மை இருக்கு. யூட்யூப் பாக்க எந்த ஐபியும் போதும். நானும் சரின்னு தலையாட்டிட்டு நாலாயிரம் வீட்டையும் 32 ஐபிக்குள்ள அடக்குனேன். 32 ஐபி, ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி 128 வீட்டுக்கு இடம்.

இது எப்படி வேலை செய்யுதுன்னு தெரியாதவங்களுக்கு சொல்லிடறேன். ஒரே வாசல் நம்பர், உள்ள 128 குடித்தனம். வெளிய இருந்து பாக்கறவனுக்கு வாசல் நம்பர் மட்டும்தான் தெரியும், உள்ள எந்த வீட்டுக்குன்னு பிரிக்கறது போர்ட் நம்பரை வெச்சு. ஒரு ஐபிக்கு 65,536 போர்ட், முதல் 1,024ஐ ஒதுக்கிட்டா 64,512. அதை 128ஆல வகுத்தா ஒரு வீட்டுக்கு 504. வீட்டுக்குள்ள ரவுட்டர் ஒரு நாட் (உள்ள இருக்கற பல முகவரியை வெளிய ஒண்ணா மாத்திக் காட்டறது) பண்ணுது, அதுக்கு மேல எங்க சிஜிநாட் பாக்ஸ் இன்னொரு நாட் பண்ணுது.

நடுவுல இருக்கற அந்த முகவரிக்கு முதல்ல நாங்க 10ல ஆரம்பிக்கற பிரைவேட் ஐபி குடுத்துக்கிட்டு இருந்தோம், சில பேரு வீட்டு ரவுட்டர்லயும் உள்ள அதே 10 சீரிஸ் இருந்ததால ரெண்டும் மோதிக்கிச்சு. இதுக்குன்னே 2012ல ஆர்எஃப்சி 6598ல (ஆர்எஃப்சின்னா இன்டர்நெட் எப்படி ஓடணும்னு சொல்ற ஆவணம்) தனியா ஒரு பிளாக் ஒதுக்கியிருக்காங்க, 100.64ல இருந்து 100.127 வரைக்கும், கிட்டத்தட்ட 42 லட்சம் முகவரி. உங்க ரவுட்டருக்குள்ள போய் வேன் (WAN) ஐபின்ற இடத்துல பாருங்க, 100.64க்கும் 100.127க்கும் நடுவுல இருந்தா நீங்களும் இப்படி ஒரு பொது வாசலுக்குப் பின்னாடிதான் குடியிருக்கீங்க.

மறுநாள் காலையில எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஸ்பீட் டெஸ்ட் போட்டா முழு ஸ்பீடு. நான் நிம்மதியா தூங்கப் போனேன்.

பிரச்சனை சாயங்காலம் ஏழரைக்கு மேல வந்துச்சு, அதுவும் எல்லார் வீட்லயும் இல்ல. செம்மண்டலத்துல ஒரு மேன்ஷன், ஒரே கனெக்ஷன்ல பதினாலு பசங்க. வாட்ஸ்அப் போவுது, ஓடிக்கிட்டு இருக்கற வீடியோ ஓடுது, புதுசா ஒரு பேஜ் திறந்தா சுத்திக்கிட்டே இருக்கு, ஜிபே அனுப்புனா பாதியில நிக்குது. போன் பண்ணா எங்க ஆளுங்க ஸ்பீட் டெஸ்ட் போடச் சொல்லுவாங்க, அது எப்படியோ திறந்துட்டா ஸ்பீடு முழுசா வரும், "உங்க போன்ல பிரச்சனை"ன்னு வெச்சுடுவாங்க. லாரன்ஸ் ரோட்ல ஒரு ஜவுளிக்கடைக்காரர் தீபாவளி நேரத்துல கவுன்டர்ல மூணு க்யூஆர், ரெண்டு கார்டு மெஷின் வெச்சுக்கிட்டு சாயங்காலமானா பணம் வந்துச்சா வரலையான்னு தெரியாம நின்னிருக்காரு, அவர் மூணு தடவை கம்ப்ளைன்ட் குடுத்தும் ஒவ்வொரு தடவையும் காலையில ஆள் போயிருக்கு. காலையில போனா எல்லாம் நல்லா இருக்கும்ல?

நான் அந்த மேன்ஷனுக்கு ராத்திரி ஒம்போது மணிக்குப் போய் மாடிப்படியில லேப்டாப்பை வெச்சுக்கிட்டு உக்காந்தேன். எங்க பாக்ஸ்ல அந்த லைனுக்கான டேபிளை எடுத்துப் பாத்தா 504ல 504ம் நிரம்பிப் போயிருக்கு. புதுசா ஒரு கனெக்ஷன் திறக்க இடமே இல்ல, யாராவது ஒருத்தரோடது முடிஞ்சாதான் அடுத்ததுக்கு வழி. ஆனா அந்த 504லயும் பாதிக்கு மேல செத்துப் போனது, மத்தியானம் யாரோ போனை எடுத்துக்கிட்டு வெளிய போயிருக்கான், அவனோட கனெக்ஷன் இன்னும் டேபிள்ல உக்காந்திருக்கு. ஏன்னு தேடுனா, எங்க பாக்ஸ்ல டிசிபி கனெக்ஷன் சும்மா இருந்தாலும் அதை வெச்சிருக்கற நேரம் டிஃபால்டா ஒரு நாள். முழுசா 24 மணி நேரம்! ஆர்எஃப்சி 5382ல குறைஞ்சது 2 மணி 4 நிமிஷம் வெச்சா போதும்னு சொல்லியிருக்கு, நான் அதைப் பாக்கவே இல்ல, பாக்ஸோட வந்ததை அப்படியே விட்டுட்டேன். அன்னைக்கு ராத்திரியே அதைக் குறைச்சேன், மேன்ஷன்ல பசங்க மேல இருந்து "அண்ணே வந்துடுச்சு"ன்னு கத்துனாங்க. ஒரு வாரத்துல கம்ப்ளைன்ட் பாதியா குறைஞ்சுது. முதலாளி பிரச்சனை முடிஞ்சுதுன்னு நெனச்சாரு, உண்மையைச் சொன்னா நானும்தான் நெனச்சேன்.

கேமரா விஷயம் அதுல தெரியவே இல்ல. ஏன்னா அது வேற மாதிரி உடையுது. பழைய டிவிஆர் (கேமரா படத்தைப் பதியற பெட்டி) பலதும் போர்ட் ஃபார்வர்ட் பண்ணி வெச்சது, அதாவது ஒரு போர்ட்டைத் திறந்து வெச்சு வெளிய இருந்து உள்ள வரணும். சிஜிநாட்ல உள்ள இருந்து வெளிய போறவனுக்கு வழி இருக்கு, வெளிய இருந்து யாராவது வந்து கதவைத் தட்டுனா 128 குடித்தனத்துல யாருக்குன்னு எங்க பாக்ஸுக்குத் தெரியாது, திருப்பி அனுப்பிடும். வீட்டு ரவுட்டர்ல எத்தனை தடவை போர்ட் ஃபார்வர்ட் பண்ணாலும் பிரயோஜனம் இல்ல, ரெண்டாவது நாட் எங்க கையில இருக்கு. கேமரா போடற பசங்க பாவம் ஒவ்வொரு வீடா போய் டிவிஆரை ரீசெட் பண்ணிப் பண்ணிப் பாத்திருக்காங்க. ஓடி துறைமுகம் பக்கம் ஒரு ஐஸ் ஃபேக்டரிக்காரர் புது டிவிஆரே வாங்கி மாட்டிட்டாரு, பன்னெண்டாயிரம் ரூபாய். அதைக் கேட்டப்ப எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது.

க்யூஆர் ஸ்கேன் பண்ணி கிளவுட் வழியா பாக்கற புது கேமராவுக்கு இந்தத் தொல்லை இல்ல, அது தானே வெளிய போய் கனெக்ட் ஆயிடும். இன்னொண்ணும் நேர்மையா சொல்லணும், பாஸ்வேர்டு மாத்தாத டிவிஆரை பப்ளிக் ஐபியில திறந்து வெக்கறது ஆபத்து, 2016ல மிராய்ன்னு ஒரு வைரஸ் இப்படி இருந்த கேமராவையும் டிவிஆரையும் லட்சக்கணக்குல பிடிச்சு வெச்சுக்கிட்டு பெரிய பெரிய சைட்டையே கவுத்துச்சு. ஆனா அதை ஒரு காரணமா சொல்லி நாங்க பண்ணதை நியாயப்படுத்த நான் தயாரில்ல. பாதுகாப்புக்காக நாங்க இதைப் பண்ணல.

ஒருத்தன் பண்ணா எல்லாருக்கும்

டிசம்பர்ல புயல் சேதமெல்லாம் சரிபண்ணி முடிக்கறதுக்குள்ள ரெண்டாவது அடி. எங்க 32 ஐபியில ஒண்ணுக்குப் பின்னாடி யாரோ ஒருத்தர் வீட்ல மலிவா வாங்குன ஒரு டிவி பாக்ஸ்ல வைரஸ், அது பாட்டுக்கு உலகம் பூரா ஸ்பேம் அனுப்பியிருக்கு. அந்த ஐபி பிளாக்லிஸ்ட்ல ஏறிடுச்சு. வெளிய இருந்து பாக்கறவனுக்கு அது ஒரு ஆள், உள்ள இருக்கறது நூத்தி இருபது வீடு. அத்தனை வீட்லயும் எந்த சைட்டுக்குப் போனாலும் படத்துல பஸ் எங்க இருக்கு சிக்னல் எங்க இருக்குன்னு க்ளிக் பண்ணச் சொல்லுது, சில சைட் திறக்கவே இல்ல.

அந்த வீட்ல ஒண்ணுல ஒரு பொண்ணு, அரசுத் தேர்வு ஒண்ணுக்கு விண்ணப்பம் போட கடைசி நாள், ராத்திரி எட்டு மணி, பக்கம் திறக்க மாட்டேங்குது. மொபைல் டேட்டாவுல போடலாம்தான், ஆனா அவங்க வீட்ல மழைக்கப்புறம் சிக்னல் ஒரு கோடு கூட இல்ல. அவங்க அப்பா எங்க ஆஃபீஸுக்கே நேர்ல வந்துட்டாரு, ரிட்டயர்டு வாத்தியார், "தம்பி, ரெண்டு வருஷமா படிக்குது"ன்னு அதுக்கு மேல பேசல. அந்தப் பொண்ணை ஆஃபீஸுக்குக் கூட்டிட்டு வரச் சொல்லி எங்க சர்வர் ஐபியில இருந்து விண்ணப்பத்தைப் போட வெச்சோம், பதினொண்ணே காலுக்கு முடிஞ்சுது. ஆஃபீஸுக்கு வந்து கேக்கத் தெரியாத வீடு மிச்சம் எத்தனையோ.

ஜனவரியில சைபர் க்ரைம்ல இருந்து ஒரு கடிதம். நவம்பர் நடுவுல ஒரு தேதி, ஒரு நேரம், எங்க ஐபி ஒண்ணு, ஒரு பெரியவரை ஏமாத்திப் பணத்தை எடுத்திருக்காங்க, அந்த நேரத்துல இந்த ஐபியில இருந்தது யாரு? அந்த நேரத்துல அந்த ஐபிக்குப் பின்னாடி 121 வீடு. போர்ட் நம்பர் இருந்தா எங்க பதிவுல தேடி ஒரே வீட்டைச் சொல்லிடலாம், கடிதத்துல போர்ட் இல்ல. விசாரிக்கற அதிகாரி நல்ல மனுஷர், நான் விளக்குனதும் புரிஞ்சுக்கிட்டு எங்க ஐபியைப் பதிஞ்சு குடுத்த வெப்சைட் நடத்தறவங்ககிட்ட போர்ட் கேட்டு எழுதினாரு, அவங்க அதைச் சேமிச்சு வெக்கவே இல்ல. சர்வர் வெச்சிருக்கறவங்க ஐபியோட போர்ட்டையும் நேரத்தையும் சேத்துப் பதியணும்னு 2011லயே ஆர்எஃப்சி 6302 சொல்லிடுச்சு. 2017ல ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோப்போல் இதே குறையைத்தான் சொல்லி சிஜிநாட்டை ஒழிக்கணும்னு பேசுச்சு, ஐரோப்பாவுல நடந்ததுதான் ஏழு வருஷம் கழிச்சு கடலூர்ல என் மேசைக்கு வந்துச்சு. 121 வீட்டு லிஸ்டைக் குடுத்தா 120 வீடு ஒண்ணும் பண்ணாதவங்க, அவங்க வாசல்ல போலீஸ் வண்டி வந்து நிக்கும். கொஞ்சம் நேர விஷயமும் சந்தேகமா இருந்துச்சு, அந்த வெப்சைட் குடுத்தது நம்ம நேரமா இல்ல அஞ்சரை மணி நேரம் பின்னாடி இருக்கற உலகப் பொது நேரமான யுடிசியான்னு கடிதத்துல இல்ல. கடைசி வரைக்கும் ஆளைக் கண்டுபிடிக்க முடியல. அந்தப் பெரியவர் பணம் போனது போனதுதான்.

பதிவு வெக்கறதும் சாதாரண வேலை இல்ல. டெலிகாம் துறை 2021 டிசம்பர்ல லைசென்ஸைத் திருத்தி இந்தப் பதிவுகளை ரெண்டு வருஷம் வெக்கணும்னு ஆக்கிடுச்சு, 2022 ஏப்ரல்ல மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், லாக் (பதிவு) வெக்கறதைப் பத்தியும் கடிகாரம் சரியா ஓடணும்ன்றதைப் பத்தியும் தனியா உத்தரவு போட்டுச்சு. ஒரு வீட்டுக்கு நாளுக்கு இருபதாயிரம் கனெக்ஷன்னு வெச்சா நாலாயிரம் வீட்டுக்கு எட்டு கோடி வரி, வரிக்கு நூறு பைட்னா நாளுக்கு 8 ஜிபி, ரெண்டு வருஷத்துக்கு 6 டிபி கிட்ட. டிஸ்க் வாங்கிடலாம், அதுல ஒரு வரியைத் தேடி எடுக்கறதுதான் பாடு. அதுக்குத்தான் வீட்டுக்கு இந்த போர்ட்ல இருந்து இந்த போர்ட் வரைக்கும்னு நிரந்தரமா ஒதுக்கி வெக்கறது நல்லது, கணக்கு போட்டே வீட்டைக் கண்டுபிடிச்சுட்டு அப்புறம் பதிவுல போய் உறுதிப்படுத்திக்கலாம். அந்த ஒரு விஷயத்தை மட்டும் நாங்க முதல் நாள்ல இருந்தே சரியா பண்ணியிருந்தோம்.

கேட்டது 140 பேரு கூட இல்ல

துபாய்க்காரர் போனுக்கு அப்புறமே நான் முதலாளிகிட்ட பேச ஆரம்பிச்சுட்டேன், கடிதம் வந்தப்புறம்தான் அவர் முழுசா உக்காந்து கேட்டாரு. நான் கேட்டது ரெண்டு. ஒண்ணு, 32 ஐபியை 64 ஆக்கணும், ஒரு ஐபிக்கு 64 வீடு, வீட்டுக்கு 1,008 போர்ட். ரெண்டாவது, எல்லா கஸ்டமருக்கும் நடந்ததைச் சொல்லணும், பப்ளிக் ஐபி தேவைப்படறவங்க கேட்டா பழைய கஸ்டமருக்கு காசு வாங்காம குடுக்கணும்.

ரெண்டாவதுக்கு அவர் பயந்தாரு. "நாலாயிரம் பேரும் கேட்டா எங்கப்பா போறது? வீட்டுக்குன்னு வெச்ச 256ல 64 போக இருக்கறது 192."

நியாயமான பயம். எனக்கும் உள்ளுக்குள்ள இருந்துச்சு. ஆனாலும் தமிழ்ல ஒரு எஸ்எம்எஸ் எழுதுனேன், எழுதறதுக்கே ரெண்டு நாள் ஆச்சு, சிஜிநாட்னு எழுதுனா யாருக்குப் புரியும். கடைசியில இப்படிப் போட்டோம்: "உங்கள் இணைப்பின் ஐபி முகவரி இப்போது பல வீடுகளுக்குப் பொதுவானது. வெளியூரில் இருந்து கேமரா பார்ப்பவர்கள், வீட்டில் சர்வர் வைத்திருப்பவர்கள், ஆஃபீஸ் விபிஎன் அல்லது கேம் சரியாக வராதவர்கள் எங்களைக் கூப்பிடுங்கள். தனி ஐபி இலவசமாக மாற்றித் தருகிறோம்."

நாலாயிரம் பேர்ல கூப்பிட்டுக் கேட்டது 140 பேரு கூட இல்ல. கேமரா வெச்சவங்க பாதிக்கு மேல, அப்புறம் கேம் ஆடற பசங்க, வீட்ல இருந்து வேலை பாக்கற ரெண்டு மூணு ஆடிட்டர், சொந்தமா சர்வர் வெச்சு ஏதோ கத்துக்கிட்டு இருக்கற ஒரு பாலிடெக்னிக் பையன். அந்த மேன்ஷனுக்கும் ஜவுளிக்கடைக்கும் நாங்களே கூப்பிட்டுக் குடுத்தோம். 64 போக மிச்சம் இருந்த 192லயே எல்லாருக்கும் கிடைச்சு இன்னும் மீதி இருந்துச்சு. அதாவது தேவைப்பட்ட ஒவ்வொருத்தருக்கும் குடுக்க எங்கிட்ட ஐபி இருந்திருக்கு, அந்த அக்டோபர் ராத்திரியிலயும் இருந்திருக்கு, யாருக்கு வேணும்னு ஒரு வார்த்தை கேக்காததால அந்த மூணு மாசமும் அத்தனை பேரு அலைஞ்சாங்க. லீஸ்டு லைன் கேட்டு வந்த கம்பெனிங்ககிட்டயும் உக்காந்து பேசுனோம், பதினாறு கேட்ட ஒருத்தருக்கு உண்மையில தேவைப்பட்டது ரெண்டு.

ஐஸ் ஃபேக்டரிக்காரருக்கு அந்த டிவிஆர் காசை பில்லுல கழிச்சுக் குடுத்தோம், அது என் பிடிவாதம்.

அஞ்சு வருஷமா தூங்குன வழி

ஐபியைப் பங்கு போடறது எவ்வளவு நல்லா பண்ணாலும் பங்கு போடறதுதான். இதுக்கான உண்மையான வழி ஐபிவி6, அதாவது தீராத அளவுக்கு முகவரி இருக்கற புது வகை ஐபி, அது எங்ககிட்ட 2019ல இருந்தே சும்மா கெடந்துச்சு. 512 ஐபிவி4 குடுத்தப்பவே கூடவே ஒரு ஸ்லாஷ் 32 ஐபிவி6 பிளாக் குடுத்தாங்க (ஸ்லாஷுக்கு அப்புறம் வர்ற நம்பர் சின்னதா இருந்தா பிளாக் பெருசு), அதை வீட்டுக்கு ஒரு ஸ்லாஷ் 56ஆ பிரிச்சா 1 கோடியே 67 லட்சம் வீட்டுக்குக் குடுக்கலாம், ஒவ்வொரு வீட்டுக்குள்ளயும் 256 நெட்வொர்க் போடலாம். கடலூர் மாவட்டம் மொத்தத்துக்கும் குடுத்தாலும் தீராது. நாங்க அஞ்சு வருஷம் அதைத் தொடவே இல்ல, ஏன்னா யாரும் கேக்கல.

மொபைல் கம்பெனிங்க இதுல நமக்கு முன்னாடி போயிட்டாங்க. ஜியோ 2016 செப்டம்பர்ல வந்தப்பவே ஐபிவி6ஐ அடித்தளமா வெச்சு வந்துச்சு, அத்தனை கோடி பேருக்குக் குடுக்க ஐபிவி4 எங்க இருக்கு? அதனால நம்ம ஊர்ல ஒருத்தர் கடைத்தெருவுல போன்ல ஐபிவி6ல இருப்பாரு, வீட்டுக்கு வந்து எங்க வைஃபைல சேந்ததும் பழைய ஐபிவி4க்கு இறங்கிடுவாரு. இதை நெனச்சப்ப எனக்கு ரோஷமாவே இருந்துச்சு.

2025 பிப்ரவரியில திருப்பாதிரிப்புலியூர்ல ஒரு ஏரியாவை மட்டும் எடுத்து ஐபிவி4, ஐபிவி6 ரெண்டும் சேந்து ஓடற மாதிரி போட்டோம். எங்க பக்கம் பண்ண வேண்டியது ரெண்டு ராத்திரி வேலைதான். வீட்டுப் பக்கம்தான் மலை. நாங்க மலிவா வாங்கி மாட்டுன ஓஎன்யூ (வீட்ல ஃபைபர் வந்து சேர்ற பெட்டி) பாதியில ஐபிவி6 ஆஃப்லயே வந்திருக்கு, அதை ஆன் பண்ண ஒவ்வொண்ணா உள்ள போகணும், இன்னும் சிலதுல ஆன் பண்ணா ரெண்டு நாளைக்கு ஒரு தடவை தானே ஹேங் ஆகுது, சிலதுல அந்த ஆப்ஷனே இல்ல. வாங்கும்போது நூறு ரூபாய் மிச்சம் பண்ணோம், அதுக்கு இப்ப வீடு வீடா போய் வட்டி கட்டிக்கிட்டு இருக்கோம். இன்னொண்ணு, ஐபிவி6ல ஒவ்வொரு சாதனத்துக்கும் நேரடி முகவரி வந்துடறதால ரவுட்டர்ல ஃபயர்வால் ஆன்ல இருக்கான்னு பாத்தே ஆகணும், நாட் தானா மறைச்சுக்கிட்டு இருந்தது இதுல கிடையாது. ரெண்டு மாடல்ல அது ஆஃப்ல இருந்துச்சு, மாத்தி வெச்சுட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போனோம்.

ஆனா பலன் உடனே தெரிஞ்சுது. யூட்யூப், ஃபேஸ்புக், வாட்ஸ்அப், நெட்ஃபிளிக்ஸ் இதெல்லாம் ஐபிவி6லயே போறதால அந்த ஏரியாவுல பாதிக்கு மேல டிராஃபிக் நாட் பாக்ஸைத் தொடாமலே போச்சு, ராத்திரி ஒம்போது மணிக்குப் பாத்தா 1,008 போர்ட்ல ஒரு சாதாரண வீடு நூத்தம்பதைத் தாண்டல. பதிவு எழுதற அளவும் குறைஞ்சுது. ஐபிவி4ல மட்டும் இருக்கற சைட் இன்னும் ஏராளம் இருக்கு, அதனால நாட் பாக்ஸைத் தூக்கிப் போட முடியாது, ஆனா அது மூச்சு வாங்காம ஓடுது.

புதுச்சேரியில இதே தொழில் பண்ற ஒரு நண்பர் வந்து பாத்துட்டு, அவங்க இன்னும் ஒரு ஐபிக்குப் பின்னாடி எத்தனை வீடுன்னே கணக்கு வெக்காம மொத்தமா கலந்து விட்டிருக்கறதா சொன்னாரு. அவருக்கு இந்த நோட்டை அப்படியே குடுத்துட்டேன். போர்ட் கணக்கு, டைம்அவுட், எஸ்எம்எஸ் வாசகம், எந்த ஓஎன்யூ மாடல்ல என்ன பிரச்சனை, எல்லாமே. தொழில் ரகசியம்னு இதுல ஒண்ணும் இல்ல.

புது கனெக்ஷன் குடுக்கப் போற லைன்மேன் தம்பிங்க இப்ப டிரில் எடுக்கறதுக்கு முன்னாடி முதல்ல கேக்கறது, "அம்மா, கேமரா போட்டிருக்கீங்களா, இல்ல போடப் போறீங்களா? வெளிநாட்டுல இருந்து யாராவது பாப்பாங்களா?" ஆமான்னா ஃபார்ம்ல ஒரு டிக், அன்னைக்கே தனி ஐபி. பழைய ஓஎன்யூவுல இன்னும் அறுநூறு பாக்கி இருக்கு, மாசத்துக்கு நாப்பது நாப்பத்தஞ்சு மாத்தறோம், செம்மண்டலம் முடிஞ்சுது, அடுத்த வாரம் ஓடியில ஆரம்பிக்கறோம், முதல் வீடு ஐஸ் ஃபேக்டரி.